பல் கூச்சமும் வாய்க் கூச்சமும்

(நம் பங்கின் பொன்விழா ஆண்டில், நலவாழ்வு ஞாயிறன்று திருப்பலிக்குப் பின் பங்கு மண்டபத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை. பலரும் கேட்டுக்கொண்டதற்கிணங்க இம்மலரில் அச்சிடப்படுகிறது.)



"அடுத்து நம் சாமி பல்லைப் பற்றிப் பேசுவார்" என்று கோவில் பிள்ளை ஒலிபெருக்கியில் அறிவித்தபோது பின்வரிசையில் சிரிப்பொலி எழுந்தது. சிரித்தவர்களுக்கு என் நன்றி. சிரித்தால்தானே பல் தெரியும்! பல் தெரிந்தால்தானே அதில் என்ன கோளாறு என்று பார்க்க முடியும்!

பொன்விழா ஆண்டில் ஆன்மாவைப் பற்றிப் பேசாமல் பல்லைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணலாம். நம் உடல் தூய ஆவியின் ஆலயம் என்று புனித பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதினார். சென்ற மழைக்காலத்தில் நம் கோவிலில் பலிபீடத்தருகே ஒரு சொட்டு நீர் ஒழுகியது. மறுநாளே பங்குப் பேரவை கூடிற்று. மூன்றாம் நாள் கொத்தனார் ஏணி வைத்து ஏறினார். கல்லால் கட்டிய ஆலயத்தின்மீது நமக்கு இவ்வளவு அக்கறை. ஆனால் ஆண்டவர் தம் கையால் கட்டிய இந்த ஆலயத்தில் ஒரு பல், "கூசுகிறது, கூசுகிறது" என்று ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தாலும் நாம் எந்தப் பேரவையும் கூட்டுவதில்லை. எந்த ஏணியும் வைப்பதில்லை.

நம் தமிழ்மொழியில் ஒரு வியப்பு உண்டு. பல்லுக்கு வரும் தொல்லையையும் கூச்சம் என்கிறோம். நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தயங்குவதையும் கூச்சம் என்கிறோம். ஒரே சொல். இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த இரண்டு கூச்சங்களைப் பற்றித்தான். முதலாவது பல்லின் கூச்சம். அது நம்மை எச்சரிக்கும் கூச்சம். இரண்டாவது மனிதனின் கூச்சம். அது அந்த எச்சரிக்கையை மூடி மறைக்கும் கூச்சம். இரண்டாவது போனால்தான் முதலாவது போகும்.

பல் கூச்சம் இன்று நேற்று வந்த நோயன்று. பெற்றோர் புளித்த திராட்சையைத் தின்ன, பிள்ளைகளின் பல் கூசியது என்று இஸ்ராயேல் மக்களிடையே ஒரு பழமொழி வழங்கி வந்தது. இறைவாக்கினர் எரேமியாவும் எசேக்கியேலும் அதை எடுத்துக்காட்டி, இனி அப்படிச் சொல்ல வேண்டாம், அவனவன் செயலுக்கு அவனவனே பொறுப்பு என்று போதித்தார்கள். சோம்பேறியை வேலைக்கு அனுப்புகிறவனுக்கு அவன் எப்படியிருப்பான் என்று சொல்ல வந்த நீதிமொழி ஆசிரியரும், பல்லுக்குக் காடி எப்படியோ அப்படி என்று உவமை கூறினார். புளிப்பு பல்லைக் கூசவைக்கும் என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் அறிந்திருந்தனர் என்பதற்கு வேதாகமமே சாட்சி.

ஆனால் ஏன் கூசுகிறது? நான் மருத்துவன் அல்லன். பல் மருத்துவரிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்குப் புரியும் விதமாகச் சொல்கிறேன்.

ஒரு பல்லை ஓட்டு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் ஓடுதான் எனாமல். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான், எலும்பைவிடக் கடினமானது. அதற்கு உணர்ச்சி கிடையாது. ஆனால் ஒருமுறை தேய்ந்துபோனால் நகம்போலவோ முடிபோலவோ அது மறுபடி வளராது. ஓட்டுக்குக் கீழே சுவர்போல இருப்பது டென்டின் என்னும் பகுதி. வீட்டின் உள்ளறையில் நரம்பும் இரத்தக் குழாயும் குடியிருக்கின்றன. ஈறுக்குள் மறைந்திருக்கும் வேர்ப் பகுதிக்கு எனாமல் ஓடு கிடையாது. மெல்லிய பூச்சு ஒன்றுதான் உண்டு. ஈறுதான் அதற்குப் போர்வை.

அந்த டென்டின் சுவர் திண்ணமான சுவரன்று. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழாய்கள் வெளியிலிருந்து உள்ளறை நோக்கிச் செல்கின்றன. ஒரு சதுர மில்லிமீட்டர் இடத்தில், அதாவது ஒரு குண்டூசித் தலையைவிடச் சிறிய இடத்தில், இப்படிப்பட்ட குழாய்கள் பல்லாயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றிலும் நீர்மம் நிறைந்திருக்கிறது. மேலே ஓடும் போர்வையும் சரியாக இருக்கும்வரை தொல்லையில்லை. ஓடு தேய்ந்தாலோ, ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரிந்தாலோ இந்தக் குழாய்களின் வாய் திறந்துவிடுகிறது. அப்போது குளிர்ந்த நீர் பட்டால், காற்றுப் பட்டால், இனிப்போ புளிப்போ பட்டால், ஏன், பிரஷ் பட்டால்கூட குழாய்க்குள் இருக்கும் நீர்மம் அசைகிறது. அந்த அசைவு உள்ளறையிலுள்ள நரம்பைச் சுண்டிவிடுகிறது. 'சுரீர்' என்கிறது. சில விநாடிகளில் அடங்கிவிடுகிறது. இதுதான் பல் கூச்சம். சுவீடன் நாட்டு அறிஞர் மார்ட்டின் பிரென்ஸ்ட்ரோம் என்பவர் 1960-களில் தம் ஆய்வுகளால் நிலைநாட்டிய விளக்கம் இது. இன்றளவும் பெரும்பாலான பல் மருத்துவர்கள் ஏற்றுக்கொள்வது இதைத்தான்.

அப்படியானால் ஓட்டைத் தேய்ப்பது யார்? போர்வையை விலக்குவது யார்? வருத்தத்தோடு சொல்கிறேன்: பெரும்பாலும் நாமேதான்.

முதலாவது, முரட்டுத்தனமாகத் துலக்குவது. அடுப்புக்கரி, செங்கற்பொடி, சாம்பல், மணல், கல்லுப்பு என்று எதையெல்லாம் கொண்டு நாம் பல் தேய்த்திருக்கிறோம்! பாத்திரம் விளக்குகிற பொருளால் பல்லை விளக்கினால் பளபளப்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு நாளும் ஓடு தேய்கிறது. பிரஷ் வாங்கியவர்களும் கடினமான பிரஷாகப் பார்த்து வாங்கி, மரம் அறுப்பதுபோல் குறுக்கே இழுக்கிறார்கள். அழுத்தித் தேய்த்தால்தான் அழுக்குப் போகும் என்பது அவர்கள் எண்ணம். போவது அழுக்கு மட்டுமன்று. ஈறும் பல்லும் சேர்ந்து போகின்றன. கோரைப் பல்லிலும் அதை அடுத்த பற்களிலும் ஈறோரமாக நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் அது உங்கள் கைவரிசை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

"நம் முன்னோர் ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் வைத்துத்தானே துலக்கினார்கள்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. அவர்கள் குச்சியை ஒடித்த உடனே பல்லில் வைத்துக் குத்தவில்லை. முனையை நெடுநேரம் மென்று, பஞ்சுபோல் நார்நாராக ஆக்கி, பிறகுதான் மெதுவாகத் தேய்த்தார்கள். குச்சியை நினைவில் வைத்த நாம், அந்த மென்மையையும் பொறுமையையும் மறந்துவிட்டோம்.

இரண்டாவது, புளிப்பு. எலுமிச்சை, மாங்காய், புளியங்காய், நெல்லிக்காய் ஆகியவற்றை அளவோடு, உணவோடு சேர்த்து உண்பதில் குற்றமில்லை. ஆனால் மணிக்கணக்கில் வாயில் அடக்கிச் சுவைப்பது வேறு. அதைவிடக் கேடு தருவது நம் பிள்ளைகள் குடிக்கும் 'கலர்' பானங்கள். அவற்றில் இனிப்புத்தான் தெரியும். ஆனால் உள்ளே எலுமிச்சைச் சாற்றுக்குக் கிட்டத்தட்ட நிகரான அமிலம் இருக்கிறது. அமிலம் பட்டவுடன் எனாமல் சற்று நேரம் இளகி நிற்கிறது. நம் உமிழ்நீர் மெல்ல மெல்ல அதைச் சரிசெய்கிறது. அதற்குள் பிரஷை எடுத்துத் தேய்த்தால், ஈரச் சுவரைத் துடைப்பத்தால் பெருக்கிய கதைதான்.

மூன்றாவது, ஈறு நோய். பல்லோரத்தில் படியும் அழுக்கு இறுகிக் காரையாகிறது. ஈறு வீங்கி இரத்தம் கசிகிறது. நாளடைவில் ஈறு கீழிறங்கி வேர் வெளியே வருகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது விரைவாகவும் கடுமையாகவும் வரும். கர்ப்பிணிப் பெண்களுக்கும் ஈறில் இரத்தம் கசிவதுண்டு. நான்காவது, உறக்கத்தில் பல்லைக் கடிப்பது, பல்லால் சோடா மூடியைத் திறப்பது போன்றவை. ஐந்தாவது, அடிக்கடி நெஞ்செரிச்சலால் வயிற்று அமிலம் வாய்வரை வருவது. இந்தக் கடைசி வகையில் நோய் வயிற்றில் இருக்கும். புலம்புவது பல்லாக இருக்கும்.

இதுவரை பல்லின் கூச்சத்தைப் பற்றிச் சொன்னேன். இனி மனிதனின் கூச்சத்துக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்கே சற்றுக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் பாவசங்கீர்த்தனத்தில் அமர்ந்து மற்றவர்களின் குறைகளைக் கேட்கும் நான், என் குறை ஒன்றை உங்கள் முன் சொல்வது முறைதான்.

நான் குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில், வேறொரு பங்கில் பணியாற்றியபோது நடந்தது இது. அங்கே ஓர் உபதேசியார் இருந்தார். தங்கமான மனிதர். அவர் குரலில் மாலைச் செபம் கேட்டாலே ஊர் அமைதியாகிவிடும். ஒரு தவக்காலத்தில் இருவரும் மந்தைக்குப் போய்த் திரும்பும் வழியில் ஒரு வீட்டில் பானைத் தண்ணீர் கொடுத்தார்கள். அவர் ஒரு மிடறு குடித்ததும் முகத்தைச் சுளித்துக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "என்ன உபதேசியாரே?" என்றேன். "ஒண்ணுமில்ல சாமி, பல்லு கூசுது. ஆறேழு மாசமாவே இப்படித்தான்" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "நாளைக்கே டவுனுக்குப் போய்க் காட்டிவிட்டு வாருங்கள், பஸ் செலவுக்கு நான் தருகிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். இளம் குரு நான். குருமடத்துப் பாடம் நாவில் நின்றது. "தவக்காலந்தானே, ஆண்டவருடைய பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுங்கள்" என்றேன். அவர் தலையசைத்தார். என் வார்த்தையை ஆண்டவர் வார்த்தையாக எடுத்துக்கொண்டார். அதன்பின் என்னிடம் பல்லைப் பற்றிப் பேசவேயில்லை.

நான் அந்தப் பங்கை விட்டு மாறுதலாகி வந்தேன். கூச்சம் வலியானபோது யாரோ ஒருவர் யோசனை சொன்னாராம்: ஒரு துண்டுப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கினால் மரத்துப்போகும் என்று. மரத்துத்தான் போயிற்று. வலிக்காகத் தொடங்கிய புகையிலை, வலி இல்லாத நாளிலும் வாயை விட்டு அகலவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், அவர் நோயுற்றிருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். கன்னத்தில் புற்றுநோய், அறுவை செய்திருந்தார்கள். வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. ஊரையே செபிக்க வைத்த அந்தக் குரல் முனகலாகிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லச் சொன்னார்: "அப்ப வாயைத் திறந்து காட்டக் கூச்சப்பட்டேன் சாமி. இப்பத் திறக்கணும்னாலும் முடியல."

அவர் என்னைக் குறை கூறவில்லை. நான் சொன்னது அவர் நினைவில் இருந்ததா என்றுகூடத் தெரியாது. எனக்கு நினைவிருக்கிறது.

சகோதரர்களே, துன்பத்தை ஒப்புக்கொடுப்பது நம் விசுவாசத்தின் பெரும் செல்வம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீக்கக்கூடிய துன்பம் வேறு, நீக்க முடியாத துன்பம் வேறு. ஆண்டவரிடம் வந்த நோயாளி ஒருவரையாவது, "தாங்கிக்கொண்டு போ" என்று அவர் திருப்பி அனுப்பியதாக நற்செய்தியில் நாம் வாசிப்பதுண்டா? மருத்துவரை மதிக்கவேண்டும், அவரையும் ஆண்டவரே படைத்தார் என்று சீராக்கின் நூல் 38-ஆம் அதிகாரம் போதிக்கிறது. வலி நீக்கும் மருந்தைக் கிறிஸ்தவன் ஏற்கலாமா என்று மருத்துவர்கள் கேட்டபோது, தாராளமாக ஏற்கலாம், வலியைத் தாங்கியே தீரவேண்டும் என்ற கடமை இல்லை என்று திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1957 பிப்ரவரி 24 அன்று அவர்களுக்கு விளக்கினார். துன்பத்தின் பொருளைப் பற்றித் திருத்தந்தை 2-ஆம் அருள் சின்னப்பர் 1984 பிப்ரவரி 11 அன்று வெளியிட்ட மடலிலும் இரண்டு கடமைகளைச் சேர்த்தே கூறினார்: நம் துன்பத்தால் நன்மை செய்வது ஒன்று, துன்புறுவோருக்கு நன்மை செய்வது மற்றொன்று. நான் அன்று முதலாவதைச் சொன்னேன். இரண்டாவதைச் செய்யத் தவறினேன்.

ஆகவே இன்று இரண்டாவதைச் செய்கிறேன். வீட்டில் செய்ய வேண்டியவை இவை; பெரிய செலவு எதுவும் இல்லை.

1. கரி, செங்கற்பொடி, மணல், சாம்பல் ஆகியவற்றை இன்றோடு பல்லுக்கு விலக்குங்கள். மிருதுவான பிரஷ் வாங்குங்கள். மூன்று மாதத்துக்கொரு முறை, நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே, மாற்றுங்கள்.

2. பிரஷைக் கோடாரிபோல் பிடிக்காமல் பேனாவைப்போல் பிடியுங்கள். அப்போது அழுத்தம் தானாகவே குறையும். ஈறிலிருந்து பல்நுனி நோக்கி மெல்லச் சுழற்றுங்கள். இரண்டு நிமிடம் போதும். காலையில் ஒருமுறை, இரவு படுக்குமுன் ஒருமுறை. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால் இரவுத் துலக்கலே அதிக முக்கியம்.

3. ஃப்ளோரைடு கலந்த பற்பசை பல்லின் மேற்பரப்பை உறுதிப்படுத்தும். கூச்சம் உள்ளவர்கள் அதற்கென்று விற்கும் பற்பசையைக் கேட்டு வாங்கலாம். அவற்றுள் பலவற்றில் பொட்டாசியம் நைட்ரேட் என்ற உப்பு 5 விழுக்காடு இருக்கும். அது நரம்பை அமைதிப்படுத்தும். வேறு சில, திறந்த குழாய்களின் வாயை அடைக்கும். ஆனால் இரண்டு நாள் துலக்கிவிட்டுப் பயனில்லை என்று எறிந்துவிடாதீர்கள். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். குடங்குடமாகக் கொப்பளித்து மருந்தைக் கழுவிவிட வேண்டாம். இரவில் சிறிது பசையை விரலால் எடுத்துக் கூசும் இடத்தில் தடவிவிட்டும் உறங்கலாம்.

4. புளிப்போ 'கலரோ' உட்கொண்டால் உடனே சாதாரண நீரால் வாயைக் கொப்பளியுங்கள். அரைமணி நேரம் கழிந்தபின் துலக்குங்கள். கர்ப்பக் காலத்தில் வாந்தி எடுத்தாலும் இதுவே முறை. ஒரு தம்ளர் நீரில் சிறிது சமையல் சோடாவைக் கரைத்துக் கொப்பளித்தால் இன்னும் நல்லது.

5. சிறு பிள்ளைகளுக்குப் பற்பசை அளவாக இருக்கட்டும். மூன்று வயதுவரை ஓர் அரிசியளவு. ஆறு வயதுவரை ஒரு பட்டாணியளவு. விழுங்காமல் துப்பக் கற்றுக்கொடுங்கள். குடிநீரில் ஃப்ளோரைடு மிகுந்து பற்களில் கறை விழும் ஊர்களில் இருப்பவர்கள், எந்தப் பசை பிள்ளைகளுக்கு ஏற்றது என்று மருத்துவரைக் கேட்டு வாங்குவது நல்லது.

6. கூசுகிறதே என்று அந்தப் பக்கத்தைத் துலக்காமல் விட்டுவிடாதீர்கள். அழுக்குச் சேர்ந்து ஈறு மேலும் இறங்கும், கூச்சம் இரட்டிப்பாகும்.

கிராம்புத் தைலம் பற்றிக் கேட்பீர்கள். அது சிறிது நேரம் மரத்துப்போகச் செய்யும், அவ்வளவே, நோயைத் தீர்க்காது. மிகுதியாக வைத்தால் ஈறைப் புண்ணாக்கும். தலைவலி மாத்திரையைப் பல்லோரத்தில் அடக்கி வைப்பதும் அப்படித்தான். அது ஈறை வேகவைத்துவிடும்.

அடுத்து, எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகவேண்டும்? கூச்சம் என்பது வந்த வேகத்தில் போய்விட வேண்டும். குளிர்ந்த நீர் போனபிறகும் வலி நின்று நெடுநேரம் வலித்தால், சூடான காப்பிக்கு வலித்தால், இரவில் உறக்கத்திலிருந்து எழுப்பினால், கடிக்கும்போது ஒரு பல் மட்டும் சுண்டினால், பல்லில் கருங்குழி தெரிந்தால், ஈறோ கன்னமோ வீங்கினால், அது வெறும் கூச்சமன்று. சொத்தை நரம்பை எட்டியிருக்கலாம். பல் விரிசல் கண்டிருக்கலாம். வீக்கத்தோடு காய்ச்சலும் வந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ தொல்லையாக இருந்தாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். பற்பசையால் மூன்று நான்கு வாரத்தில் குறையாத கூச்சத்தையும் காட்டிவிடுவதே நல்லது.

"போனால் பிடுங்கிவிடுவார்களே சாமி!" என்பது பலருடைய அச்சம். கூசுகிற பல்லைப் பிடுங்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. காரையை நீக்குவார்கள், அதன்பின் சில நாள் சற்றுக் கூசும், பிறகு அடங்கும். திறந்த இடத்தில் மருந்துப் பூச்சுப் பூசுவார்கள். பள்ளம் இருந்தால் அடைப்பார்கள். இரவில் பல் கடிப்பவர்களுக்கு உறை செய்து தருவார்கள். நரம்பு கெட்டிருந்தால் வேர்ச் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றுவார்கள். பிடுங்குவது எப்போது தெரியுமா? நாம் கூச்சப்பட்டு ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்துப் போகும்போதுதான். பணம் இல்லையே என்று தயங்குவோர் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போகலாம்; வழி தெரியாவிட்டால் என்னிடமோ நம் சிஸ்டர்களிடமோ வாருங்கள்.

புகையிலையைப் பற்றி இன்னும் ஒரு சொல். பல்லுக்கு நல்லது என்று நம்பிப் புகையிலை கலந்த பற்பொடியைப் பயன்படுத்தியவர்கள் நம் நாட்டில் ஏராளம். பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992-ல் தடை செய்தது. தடை கடையில்தான் வந்தது. நம் மடியிலும் கன்னத்திலும் இன்னும் வரவில்லை. புகையிலை மட்டுமன்று, புகையிலை இல்லாத வெறும் பாக்குகூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட தொகுதியில் உறுதியாக அறிவித்தது. வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை தெரிந்தாலும், ஒரு புண் மூன்று வாரம் ஆகியும் ஆறாவிட்டாலும், வாய் திறப்பது நாளுக்கு நாள் குறைந்தாலும் உடனே காட்டுங்கள். அந்தப் புண்ணுக்குத் தொடக்கத்தில் வலியே இராது. வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். வலிக்கும் பல் நமக்கு நண்பன். வலிக்காத புண்தான் பகைவன்.

முடிவாக, ஒரு புனிதையை உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கிறேன். எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரில் 249-ஆம் ஆண்டில் கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் கலகம் மூண்டது. வயது முதிர்ந்த கன்னிகையான அப்போலோனியாவை அக்கும்பல் பிடித்து, தாடையில் அடித்து அடித்துப் பற்களையெல்லாம் உடைத்தது. கிறிஸ்துவை மறுதலிக்காவிட்டால் தீயில் தள்ளுவோம் என்று மிரட்டியது. அவர் மறுதலிக்கவில்லை, தாமே அத்தீயில் பாய்ந்து உயிர் துறந்தார். அந்நகர ஆயர் தியோனீசியுஸ், அந்தியோக்கியா ஆயருக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறித்திருக்கிறார். பல் நோயாளிகள் புனித அப்போலோனியாவைத் தங்கள் பாதுகாவலியாக வணங்கி வருகிறார்கள். பல்லைப் பிடித்த ஒரு குறடு கையில் இருக்க அவரை ஓவியர்கள் தீட்டுவார்கள். அவர் திருநாள் பிப்ரவரி 9.

அந்த வேதசாட்சி தம் பற்களை விசுவாசத்துக்காக இழந்தார். அது மகிமை. நாம் செங்கற்பொடிக்கும், புகையிலைக்கும், வெறும் தயக்கத்துக்கும் இழக்கிறோம். அதில் என்ன மகிமை இருக்கிறது? அவரிடம் மன்றாடுவோம், மன்றாடியபின் மருத்துவரிடம் போவோம். செபம் மருத்துவத்துக்கு மாற்றன்று. மருத்துவரின் படிவரை நடந்துபோகத் துணிவு தருவது செபம்.

அவர் திருநாளுக்கு இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். 1993 முதல் திருச்சபை அதை நோயாளர் உலக நாளாகவும் கொண்டாடி வருகிறது. பொன்விழா ஆண்டின் நினைவாக, ஆண்டுதோறும் அந்த வாரத்தில் இந்த மண்டபத்தில் பல் மருத்துவ முகாம் ஒன்று நடத்த வேண்டும் என்பது என் ஆசை. வின்சென்ட் தே பவுல் சபையாரும் இளைஞர் இயக்கத்தாரும் பொறுப்பேற்க வேண்டுகிறேன். முதல் ஆளாக நாற்காலியில் அமர்ந்து வாய் திறப்பவன் நானாகத்தான் இருப்பேன். எனக்கும் இடப்பக்கம் இரண்டு பற்கள் கூசுகின்றன. கல்யாண வீடுகளில் நீங்கள் அன்போடு நீட்டும் ஐஸ் தண்ணீரை நான் ஏன் தொடாமல் வைத்துவிடுகிறேன் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்!

உங்கள் வீட்டிலும் யாராவது தண்ணீர் குடிக்கும்போது முகம் சுளிக்கிறாரா என்று இன்று மாலை கவனியுங்கள். பெரும்பாலும் அது அம்மாவாக இருப்பார். அல்லது தாத்தா பாட்டியாக இருப்பார். அவர்களாகச் சொல்லமாட்டார்கள். "ஒண்ணுமில்ல" என்பார்கள். அந்த ஒண்ணுமில்லையை நம்பிவிடாதீர்கள். நான் ஒருமுறை நம்பிவிட்டேன்.

வாய் பேசாதவனின் நாவைக் கட்டவிழ்த்த நம் ஆண்டவர், நம் அனைவருடைய தயக்கத்தையும் கட்டவிழ்ப்பாராக. அவர் புகழைப் பாடும் வாய்களை நலமாகக் காப்பாராக. புனித அப்போலோனியாவின் பரிந்துரையும், நம் அன்னை மரியாவின் அடைக்கலமும் இப்பங்கு மக்கள் ஒவ்வொருவரோடும் இருப்பதாக. ஆமென்.